தேறிய ஓடை

என் நேர்மையின் விலை நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் பால். கறந்த சூட்டோடு, மூடி போட்ட தூக்கில், காலை ஆறரைக்குள் வாசலுக்கு வந்துவிடும். நான் இரண்டு லிட்டர் கேட்டேன். அக்கா ஒன்றிலேயே நின்றாள். துணிக்கடைக்காரரின் பிள்ளைகள் நாங்கள்; அப்பாவின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, 'அம்மா'வுக்கு அடுத்தபடியாக 'கட்டுப்படியாகாதுங்க' என்று சொல்லக் கற்றவர்கள். ஒன்றரையில் முடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஏமாந்துபோனவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டோம். படிந்த பேரத்துக்கு அதுதான் மரியாதை.

நான் விற்றது ஒரு கிழமையின் பெயரை. அவ்வளவுதான்.

நீர்த்தர அலுவலகத்தில் நான் மாதிரி எடுப்பவன். மாதிரி என்றால் நூறு மில்லி தண்ணீர். எங்கள் பக்கத்தில் ஓர் ஓடை இருக்கிறது. மழைக்குப் பிறகு நான்கு மாதம் ஓடும். மீதி எட்டு மாதம் ஓடை என்ற பெயரை வைத்துக்கொண்டு மணலாகக் கிடக்கும். ஓடுகிற நான்கு மாதத்தில் ஒன்பது முறை நான் அதில் முழங்கால் வரை இறங்கி, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கிருமி நீக்கிய குப்பியைக் கவிழ்த்து முக்கி, நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே அதிலுள்ள சாணக் கிருமிகளை எண்ணுவார்கள். இருநூற்று முப்பத்தைந்து வரை என்றால் ஓடை தேறியது. தாண்டினால் தோற்றது. என்றைக்கு எடுப்பது என்பதை ஆய்வகம் முந்தின சனிக்கிழமைதான் எனக்குச் சொல்லும். கரையில் மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ரகசியம்.

கரையில் மாடு மேய்ப்பவர் என் அக்கா வீட்டுக்காரர்.

பருவம் தொடங்கும் முன் அலுவலகம் ஓர் அறிவிப்பு அச்சடித்திருந்தது. அதை நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

"மூணு தடவ தோத்தா?"

"அடுத்த வருஷத்துலேர்ந்து மாடு கரையில இறங்கக் கூடாது மாமா."

"அப்ப தண்ணிக்கு?"

"அதப் பத்தி ஒண்ணும் போடல."

"எழுபத்திரண்டு மாடு மாப்ள. உங்க ஆபீஸ் குழாயில வரிசையா நிக்கச் சொல்லட்டா?"

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "இவ்வளவு படிச்சு, கடைசியில நம்ம வீட்டுச் சாணிய எண்ணத்தான் சம்பளம் வாங்குறியாடா?"

"எண்ணுறது நான் இல்லக்கா. நான் கொண்டுபோய்க் கொடுக்குறவன்."

"அதுக்கும் கீழயா?"

சிரித்தாள். சிரித்த வாயை மூடாமலே, "என்னைக்கு வருவேன்னு மட்டும் சொல்லிடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றாள். மேய்ச்சல் நிலம் முழுவதும் அந்த ஓடையின் இரண்டு கரைதான். மாடு கரையில் இறங்கக் கூடாது என்றால் மந்தையை விற்க வேண்டும். மந்தையை விற்றால் அக்காவுக்கு மிஞ்சுவது மாமாவும் அவருடைய வாயும்தான். இதை அவள் சொல்லவில்லை. பால் தூக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

கீழே இருக்கும் ஊரைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. ஓடைத் தண்ணீர் ஊருக்குப் போகும் முன் தொட்டியில் தேங்கும், குளோரின் போடுவார்கள். மனிதர்களுக்குக் குளோரின் இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாட்டுக்கு என்ன இருக்கிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஏற்பாடு சுத்தமாக நடந்தது. சனிக்கிழமை ஆய்வகம் நாள் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவுக்குப் போன் போட்டு உடம்பு எப்படி என்று கேட்பேன். பேச்சின் நடுவே அந்தக் கிழமை வந்துவிடும். நான் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே மாமா எழுபத்திரண்டையும் மேட்டுப் பட்டிக்கு ஏற்றி அடைத்துவிடுவார். கரையில் கிடக்கும் சாணத்தைக் கூடையில் அள்ளி எருவுக்கு விற்றுவிடுவார். ஒரு மரக்கிளையை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, கரை நெடுக இழுத்துக்கொண்டு போவார். குளம்புத் தடம் ஒன்றுகூட மிஞ்சாது. மணலில் கோலம் போட்டது போல வரிவரியாக இருக்கும். என் படிவத்தில் 'கரையில் கால்நடைத் தடயம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'இல்லை' என்று எழுதுவேன். மோட்டார் சைக்கிள் தடத்துக்குத் தனியாகக் கட்டம் இல்லை.

ஓடுகிற தண்ணீர் அல்லவா. இரண்டு நாள் விட்டால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். முதல் மாதிரி நாற்பத்தொன்று. இரண்டாவது முப்பத்தெட்டு. மூன்றாவது அறுபது.

ஆய்வகத்தில் எண்ணுகிற அம்மாவை நாங்கள் மேடம் என்போம். அகலமான கண்ணாடி, இடது கையில் எப்போதும் ஒரு கிளிக் எண்ணி. அடைகாக்கும் பெட்டியிலிருந்து தட்டை எடுத்து, அதில் முளைத்த நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். நான்காவது மாதிரியின்போது தட்டை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க ஓடை மட்டும் குளிச்சுட்டு, பவுடர் போட்டுட்டு வருது தம்பி."

"நல்ல ஓடைங்க மேடம்."

"பக்கத்து ஓடையும் அதே மேய்ச்சல், அதே மழை. அங்க எண்ணூறு."

"அவன் மாடு பழக்கம் கெட்ட மாடுங்க."

சிரித்தார். ஆனால் எண்ணியை இரண்டு முறை சும்மா அழுத்தினார். தட்டில் இல்லாத எதையோ எண்ணுகிறார் என்று எனக்குத் தோன்றியது. பேச்சை மாற்றி ஐஸ் பெட்டியின் மூடி உடைந்திருப்பதைக் காட்டினேன்.

பக்கத்து ஓடைக்காரனை எல்லோரும் ஓட்டைவாய் என்பார்கள். தன் வீட்டில் நடப்பதைத் தன் வீட்டுக்காரர்களுக்கு முன்னாலேயே தெருவுக்குச் சொல்லிவிடுகிறவன். நான் மாதிரி எடுக்கும்போது அவன் மாடுகள் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு தண்ணீரில் வாலைத் தூக்கும். "எடுத்துக்கங்க சார், எடுத்துக்கங்க, சூடா இருக்கு" என்பான். அந்தப் பருவத்தில் அவன் ஓடை இரண்டு முறை தோற்றது. மாமாவிடம் சொன்னபோது அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்னும் ஒண்ணு தோத்தா முடிஞ்சான். பொழைக்கத் தெரியாதவன் மாப்ள."

மூன்றாம் மாதத்தில் முதல் கன்று கலைந்தது. ஏழு மாதச் சினை. அக்கா போனில் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த பத்து நாளில் மூன்று. ஐந்தாவது கலைந்த அன்று சாதாரணமாகச் சொல்ல அவளால் முடியவில்லை. மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு நான் போனேன்.

டாக்டர் மாட்டைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். பிறகு, மாடு எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டார். நான் மாதிரி எடுக்கும் இடத்துக்கு முந்நூறு அடி மேலே, ஓடை திரும்புகிற வளைவில், ஒரு மடு இருக்கிறது. அங்கே கூட்டிப் போனோம். பட்டியை அன்று காலைதான் திறந்துவிட்டிருந்தார் மாமா. எழுபத்திரண்டும் மடுவுக்குள் வயிறு நனைய நின்றன. குடித்தன, குடித்த இடத்திலேயே பெய்தன, பெய்ததையே குடித்தன.

"இப்படியேவா எப்பவும் வரும்?"

"ரெண்டு நாள் மேட்டுப் பட்டியில கட்டி வெச்சிருந்தோம் டாக்டர். அதான் கொஞ்சம் அவசரம்."

"ரெண்டு நாளா? தண்ணி?"

"குடத்துல ஊத்தினோம். ஆளுக்கு ஒரு வாய்." மாமா மாடுகளை ஆள் என்றுதான் சொல்வார்.

டாக்டர் கால்சட்டையை மடித்துக்கொண்டே பேசினார். "எலிக்காய்ச்சல்னு மனுஷனுக்கு வருதுல்ல, அந்தக் கிருமி. ஒரு மாட்டோட மூத்திரத்துல தண்ணிக்கு வரும், தண்ணியில இருந்து அடுத்த மாட்டுக்கு. ஒண்ணு ரெண்டு வந்து குடிச்சுட்டுப் போனா பரவாயில்ல. தாகத்துல காயப்போட்டு, மொத்தத்தையும் ஒரே குழியில இறக்கி விட்டா இதுக்கு மேல வசதி அதுக்கு வேண்டாம். யாருங்க ரெண்டு நாள் கட்டச் சொன்னது?"

மாமா என்னைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தாள். நான் மடுவைப் பார்த்தேன்.

"இனிமே இந்த மடுவுல ஒரு மாடும் இறங்கக் கூடாது" என்றார் டாக்டர். "மருந்து எழுதித் தரேன். தொட்டி கட்டி, பம்பு வெச்சு, மேல தண்ணி குடுங்க. அத விட்டா வேற வழி இல்ல."

தொட்டிக்கும் பம்புக்கும் ஆகும் தொகையைக் கேட்டபோது மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஓட்டைவாயின் ஓடைக்கரையில் இரண்டு லாரி வந்து நின்றது. ஒன்றில் வேலிக் கம்பி, ஒன்றில் சிமென்ட் தொட்டி, மேலே கண்ணாடிப் பலகை வைத்த, வெயிலில் ஓடும் பம்பு. எல்லாம் எங்கள் அலுவலகத்துச் செலவு. நான் ஓடிப்போய் அவனிடமே கேட்டேன்.

"உங்க நோட்டீஸ்லதான சார் போட்டிருந்தீங்க? பின்பக்கம்."

அலுவலகத்துக்கு வந்து மிச்சக் கட்டிலிருந்து ஓர் அறிவிப்பை உருவித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பருவத்தில் ஒரு மாதிரியாவது வரம்பைத் தாண்டிய ஓடைக்கு, கரை வேலியும் கால்நடைக்குத் தனித் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் அலுவலகமே அமைத்துத் தரும். அதன் பிறகும் தோற்று மூன்றைத் தொட்டால்தான் தடை. அதாவது ஒன்றோ இரண்டோ தோற்பதுதான் லாபம். இதைவிட எளிய பேரம் எங்கள் கடைத்தெருவில் யாருக்கும் கிடைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் அலுவலகக் காகிதத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை; முன்பக்கத்திலேயே வேண்டிய அளவு பயந்துகொள்வோம். கொடுப்பதாகவும் ஒரு காகிதம் சொல்லும் என்பது எங்கள் ரத்தத்தில் இல்லை. கட்டுக் கட்டாக அதை மடித்துக் கொடுத்தவன் நான். மடிக்கும்போதுகூட அந்தப் பக்கம் என் விரலில் பட்டிருக்கும்.

அதற்குள் எட்டு மாதிரி முடிந்து எட்டும் தேறியிருந்தன. பாக்கி ஒன்று.

அக்கா என் அறைக்கு வந்தாள். கட்டில் இருந்தும் உட்காரவில்லை. நாற்காலியில் கிடந்த சட்டைகளை மடித்து வைத்தாள்; துணிக்கடை மடிப்பு, கழுத்து மேலே, கை உள்ளே.

"கெட்ட நம்பர் ஒண்ணு வேணும்டா."

"போன மாசம் வரைக்கும் நல்ல நம்பர்தான கேட்ட?"

"சரக்கு மாறிடுச்சு. கடைக்காரன் கொடுக்க மாட்டியா?"

"சும்மா நான் எடுத்தாலே போதும்க்கா. மாட்ட விட்டுட்டா தானா தோக்கும்."

"தானா தோக்கும்னு விட முடியுமா? இருக்கிறது ஒண்ணு. இருநூத்தி முப்பதுல நின்னுட்டா?" சட்டையைத் தட்டினாள். "நாள மட்டும் சொல்லு. மூணு நாள் முன்னாடியே மொத்தத்தையும் மடுவுல எறக்கி, ஏறவிடாம நிறுத்திடறோம். உன் மேடம் எண்ணி எண்ணி விரல் வலிக்கட்டும்."

"டாக்டர் ஒரு மாடும் எறங்கக் கூடாதுன்னாரே?"

"மூணு நாள்டா. அஞ்சு போயிடுச்சு. மூணு நாள்ல இன்னும் ஒண்ணு போகுமா? போகட்டும். தொட்டி வந்துட்டா ஆயுசுக்கும் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காது. ஒண்ணுக்கு எழுபது. நீயே சொல்லு, கட்டுப்படியாகுதா இல்லயா?"

கட்டுப்படியாகிறது என்றுதான் எனக்கும் பட்டது. அப்பா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை என் தொண்டை வரை வந்தது என்று எழுத ஆசைதான், வரவில்லை.

சனிக்கிழமை ஆய்வகம் வியாழன் என்றது. ஞாயிற்றுக்கிழமை ஓடையைப் போய்ப் பார்த்தேன். மழை முன்னதாகவே நின்றுபோன ஆண்டு. ஆனாலும் நான் மாதிரி எடுக்கும் இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு விரல் ஆழத்துக்கு, மணலை நகர்த்தியபடி. குப்பி முங்கப் பள்ளம் பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு உடம்பு எப்படி என்று கேட்டேன்.

திங்கள் காலை மாமா எழுபத்திரண்டையும் மடுவில் இறக்கினார். கரையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, குச்சியோடு காவல் நின்றார். தீவனத்தை அங்கேயே கொண்டுவந்து போட்டார். வாழ்நாளில் அவர் இவ்வளவு நாணயமாக வேலை செய்து தான் பார்த்ததில்லை என்று அக்காவே சொன்னாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு என் இடத்துக்குப் போனேன். ஓடையில் ஓடை இல்லை. ஈர மணல் மட்டும் கிடந்தது. ஆழம் பார்க்க அலுவலகம் நட்டிருந்த அளவுகோல் மொட்டை மரத்தைப் போல நின்றது. மேலே நடந்தேன். மடுவில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. பச்சையும் கறுப்புமாகக் குழைந்து கிடந்தது. அதன் வாய்க்கரையை மாடுகள் மிதித்து மிதித்துச் சேற்று வரப்பாக்கி அடைத்திருந்தன. மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது லிட்டர் வேண்டும். மூன்று நாள், எழுபத்திரண்டு வாய். மேலேயிருந்து கசிந்த தண்ணீர் அத்தனையையும் அவை குடித்துத் தீர்த்திருந்தன. கீழே அனுப்ப மீதி இல்லை.

"எப்படி?" என்றார் மாமா. மூன்று நாள் தாடி. முகமெல்லாம் பெருமை. "கலங்கியிருக்கா?"

"கலங்கியிருக்கு மாமா."

மடுவிலேயே குப்பியை முக்கினேன். மூடியபோது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவ்வளவு தடிப்பு. ஐஸ் பெட்டியில் வைத்து, பேருந்து பிடித்து, பதினொன்றரைக்கு ஆய்வகத்து மேசையில் வைத்தேன். மேடம் குப்பியைத் தொடவில்லை.

"அளவுகோல் போட்டோ?"

எல்லா முறையும் குப்பியோடு அந்தப் படத்தையும் காட்ட வேண்டும். காட்டினேன். மணலில் நிற்கும் அளவுகோல்.

"ஓட்டம் இல்லையே தம்பி."

"மேல இருக்கு மேடம். கொஞ்ச தூரம் மேல."

"நின்ன தண்ணி. இத நான் எண்ண முடியாது. ஓட்டம் இல்லன்னா மாதிரி இல்ல, அது உங்களுக்கே தெரியும்."

"இதுல எவ்வளவு இருக்குன்னு மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க. அந்த மாடுங்க சாகுது மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு தடவ சுத்தமா கொண்டுவந்தப்ப நான் கேள்வி கேக்கல. இப்ப மட்டும் கேக்கறேனேன்னு நினைக்காதீங்க. அப்பவே கேட்டிருக்கணும்."

"அந்த எட்டும்..."

"சொல்லாதீங்க." கையை உயர்த்தினார். அந்தக் கையில் எண்ணி இருந்தது. "சொன்னா நான் எழுதணும். எழுதினா உங்க வேலை போகும். மாதிரி நாள் தெரிஞ்சு மாட்ட ஒளிச்சவங்களுக்கு மேய்ச்சல் உரிமை அன்னைக்கே ரத்து. தொட்டி அப்பவும் வராது. யாருக்கு என்ன லாபம்?"

லாபம் என்ற சொல்லை அவர் வாயிலும் கேட்டேன். குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பேருந்து நிறுத்தம் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

அக்காவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன். "அப்ப மூணு நாளும் வீண்" என்றாள். பிறகு, "வீண்னு சொல்லக் கூடாது. அதுக்கும் ஒண்ணு வரும்ல" என்றாள். வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து கன்றுகள் வரிசையாகக் கலைந்தன. தரகர்கள் வந்தார்கள். நோய்ப்பட்ட மந்தை என்று செய்தி பரவியிருந்தது. அக்கா ஒரு தரகரோடும் பேரம் பேசவில்லை. அவர்கள் சொன்ன விலைக்குத் தலையாட்டினாள். என் வாழ்க்கையில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் போன பிறகு வெகுநேரம் பட்டிக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

பருவ இறுதி அறிக்கை எழுதுவது என் வேலை. எழுதினேன். எடுக்க வேண்டிய மாதிரி ஒன்பது. எடுத்தது எட்டு, தேறியது எட்டு. ஒன்பதாவது, ஓட்டம் இல்லை. அதிகபட்ச எண்ணிக்கை அறுபது. ஓடையின் நிலை, நன்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாடு எழுபத்திரண்டு. கலைந்த கன்று பதினொன்று, அதில் அந்த மூன்று நாளுக்குப் பிறகு ஆறு. செத்த மாடு மூன்று. விற்றது இருபத்தாறு. நிற்பது நாற்பத்து மூன்று, அதில் சினை பதினான்கு. அந்தப் பதினான்கில் எத்தனை நிற்கும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.